கொல்லைப்புறத் தேன்சிட்டு: படம் எடுத்தலும் திருத்தலும்

ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது. அங்கே ஏறத்தாழ 360 இனங்கள் உள்ளன. ஆசியாவில் ஒன்றுகூட இல்லை. பினாங்கில் பூவின் முன் படபடவென்று சிறகடித்து நிற்கும் சிறு பறவையை அந்தப் பெயரால் அழைப்பவர்கள் பார்ப்பது தேன்சிட்டைத்தான். மலாய்க்காரர்கள் அதைக் கெலிச்சாப் என்பார்கள். வளைந்த அலகு, மினுமினுக்கும் தொண்டை, தேன்மேல் நாட்டம் எல்லாம் ஒத்திருந்தாலும் இரண்டும் வெவ்வேறு குலத்துப் பறவைகள். ஒரே தொழில் இரண்டுக்கும் ஒரே மாதிரி உடலைத் தந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படமெடுப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. ஹம்மிங் பறவை அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். அதன் சிறகை உறைய வைக்க மின்னல் வேக ஃபிளாஷ் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஹெரால்டு எட்ஜர்டன் அதற்கான விளக்குகளை உருவாக்கினார். டுபாண்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த கிராஃபோர்டு கிரீன்வால்ட், அதே வழியில் எடுத்த படங்களை 1960இல் நூலாக வெளியிட்டார். இன்றும் அங்கே வீட்டுத் தோட்டங்களில் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி, பின்னால் ஒரு வண்ணப் பலகை, சுற்றிலும் நான்கைந்து ஃபிளாஷ் என்று ஏற்பாடு செய்வது வழக்கம். தேன்சிட்டுக்கு இதில் எதுவும் தேவையில்லை. அது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும். காற்றில் நிற்பது சில நொடிகளே. அதற்குத் தேவை சரியான பூ, அந்தப் பூவுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு காம்பு, படமெடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் சூரியன். இவை மூன்றும் அமைந்துவிட்டால் எளிய கேமராவே நல்ல படம் தரும். அமையாவிட்டால் விலையுயர்ந்த லென்ஸும் அதன்பின் கணினியில் செய்யும் திருத்தமும் அந்தக் குறையை மறைக்க மாட்டா.

தண்ணீர்மலையில் வரும் சிட்டுகள்

ஜார்ஜ் டவுனின் மேற்கு ஓரத்தில், பாலதண்டாயுதபாணி கோயில் குன்றுக்கும் 1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்கும் இடைப்பட்ட தண்ணீர்மலைப் பகுதியில், நகரத்துத் தோட்டமும் மலைக்காடும் ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன. அதனால் ஒரே கொல்லையில் ஊர்ப்பறவையும் காட்டோரப் பறவையும் வந்துபோகும்.

அடிக்கடி வருவது, ஆங்கிலத்தில் நெடுங்காலம் ஆலிவ்-பேக்ட் என்றும் அண்மை வகைப்பாட்டில் ஆர்னேட் என்றும் வழங்கும் தேன்சிட்டு. இந்த அத்தியாயத்தில் அதை மஞ்சள் தேன்சிட்டு என்று குறிப்பிடலாம். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 11 செ.மீ. அளவுதான் இருக்கும். ஆணுக்கு முகமும் தொண்டையும் நெஞ்சும் கருநீலம். அதற்குக் கீழே பளிச்சென்ற மஞ்சள். பெண்ணுக்குத் தொண்டை முதல் வயிறு வரை மஞ்சள் மட்டுமே. தென்னை உள்ள வீடுகளில் பழுப்புத்தொண்டைத் தேன்சிட்டும் வரும். அது சற்றே பெரியது, அலகு தடித்தது. ஆணின் கண் சிவப்பு. தென்னம்பாளை விரியும்போது அது அங்கேதான் கிடக்கும். மலையடிவார வீடுகளில் ஆணின் தலையும் நெஞ்சும் முதுகும் செக்கச் சிவந்த சிவப்புத் தேன்சிட்டைப் பார்க்கலாம். வாழையும் ஹெலிகோனியாவும் பூத்தால் நீண்டு வளைந்த அலகுடைய சின்னச் சிலந்திபிடிப்பான் தேடிவரும்.

பூக்கொத்தியையும் தேன்சிட்டு என்று எண்ணிப் படமெடுப்பவர்கள் பலர். உச்சந்தலை முதல் வால் அடிவரை சிவப்புப் பட்டை ஓடும் செம்முதுகுப் பூக்கொத்திக்கு அலகு குட்டையானது. அது தேனைவிடப் புல்லுருவிப் பழத்தையும் செரி மரத்துப் பழத்தையும் அதிகம் நாடும். அதைப் படமெடுக்கப் பூவைவிட்டுப் பழத்தருகே காத்திருக்க வேண்டும்.

பூவே போதும்

சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி தொங்கவிடும் பழக்கம் அமெரிக்கத் தோட்டங்களிலிருந்து இணையம் வழியாகப் பரவியது. தண்ணீர்மலையில் அது வேண்டாம். பினாங்கின் வெப்பத்தில் சர்க்கரைக் கரைசல் ஒரு நாளிலேயே புளிக்கத் தொடங்கும், பூஞ்சை பிடிக்கும். எறும்பு முதலில் வரும், குரங்கு பின்னால் வரும். பூங்காவைச் சுற்றி வாழும் நீள்வால் குரங்குக்கு ஒரு முறை இனிப்பு கிடைத்துவிட்டால் அது அந்த வீட்டை மறக்காது; புட்டியோடு கொடியும் தொட்டியும் போய்விடும். படத்தைக் கெடுக்கும் காரணம் வேறு: பிளாஸ்டிக் புட்டியில் வாய் வைத்த சிட்டைப் பார்க்க யாருக்கும் ஆசையில்லை.

பூச்செடியே போதும். இட்லிப்பூ எந்தச் சூழலிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதன் பூக்கொத்து தட்டையாக இருப்பதால் சிட்டு உள்ளே முகம் புதைத்துவிடுகிறது. படத்தில் முதுகுதான் மிஞ்சும். ஹெலிகோனியா படத்துக்கு மிகவும் தோதானது. அது அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, அங்கே ஹம்மிங் பறவைகளுக்கு ஏற்ப வளர்ந்த பூ. இங்கே தேன்சிட்டும் சிலந்திபிடிப்பானும் அதைச் சொந்தமாக்கிக்கொண்டன. அதன் படகு போன்ற மடல் விளிம்பில் பறவை உட்கார இடமிருக்கும், முகமும் வெளியே தெரியும். சிறு சிவப்புக் குழல்களாகப் பூத்துத் தள்ளும் ஹமீலியாவும், நூலாய்த் தொங்கும் ரஸ்ஸீலியாவும் தொட்டியிலேயே வளரும்.

1960இல் மலாயாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியில் ஒரு வேடிக்கை காணலாம். பெரிய பூவின் வாய் வழியாக நுழையச் சிட்டுக்கு அலகு எட்டாது. ஆகவே பூவின் அடியில், புல்லிவட்டத்துக்கு மேலாக, பக்கவாட்டில் துளையிட்டுத் தேனை உறிஞ்சும். மகரந்தத்தைத் தொடாமல் நடக்கும் திருட்டு இது. படமெடுப்பவருக்கு இதனால் ஒரு வசதி: பறவை பூவுக்கு வெளியே, பக்கவாட்டில், முழு உடலும் தெரிய நிற்கும். செம்பருத்தியின் முன்புறத்தைக் குறிவைத்துக் காத்திருப்பவர் ஏமாறுவார். பூவின் பின்புறக் காம்பைத்தான் குறிவைக்க வேண்டும்.

புங்கா காந்தான் செடி பல வீடுகளில் அசாம் லக்சாவுக்காகவே வளர்கிறது. மொட்டிலேயே அறுத்துவிடுவதால் பூ விரிவதில்லை. புதருக்கு ஒரு மொட்டை விட்டுவைத்தால் சிலந்திபிடிப்பான் அதைக் கண்டுபிடித்து வரும். ஒரு லக்சா குறைந்தாலும், அந்தப் பறவையைக் கிட்டத்தில் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

செடியை வைக்கும் இடத்தில்தான் பாதிப் படம் அமைகிறது. சுவரை ஒட்டி வைத்த செடியில் சுவரின் கறையும் தெரியும். பூவுக்கும் பின்னணிக்கும் இடையே நான்கு ஐந்து மீட்டர் இடைவெளி இருந்தால், பின்னால் உள்ள மாமரமும் வேலியும் கரைந்து ஒரே பச்சையாகிவிடும். இடமில்லாத வரிசை வீடுகளில் தொட்டியை முற்றத்தின் முன்விளிம்புக்கு நகர்த்தி, வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்த்து எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது எதிர்வீட்டுச் சன்னலை நோக்கி நீண்ட லென்ஸ் திரும்பியிருப்பது அவர்களுக்குச் சங்கடம் தரும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, எடுத்த படத்தில் இரண்டைக் காட்டிவிடுவது முறை.

பூவுக்கு ஒரு முழத் தொலைவில், சற்றே உயரத்தில், இலையில்லாத மெல்லிய குச்சி ஒன்றைத் தொட்டியில் நட்டு வைப்பது பயன்தரும். பூவுக்கு வருமுன் சிட்டு அதில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். அந்த இரண்டு நொடியில்தான் தெளிவான படம் கிடைக்கிறது. குச்சி பென்சிலைவிடத் தடிமனாக இருந்தால் பறவை அதன் முன் குன்றிப்போகும்.

பூச்சிமருந்து அடிக்கும் தோட்டத்தில் தேன்சிட்டு தங்காது. குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது சிலந்தியும் சிறு புழுவுமே. கூடு கட்டுவதற்குச் சிலந்தி நூலும் வேண்டும். வேலியோரத்து ஒட்டடையை விட்டுவைக்கலாம். ஆனால் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. டெங்கி கொசுவுக்கு இடம் கொடுப்பது மலேசியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தட்டை எடுத்துவிடுவது அல்லது மணல் நிரப்பிவிடுவது நல்லது.

தொண்டையின் நீலம்

ஆண் சிட்டின் தொண்டையில் நீலச் சாயம் எதுவும் இல்லை. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி சில நிறங்களில் வலுத்து, மற்றவற்றில் மங்குகிறது. அப்படிப் பிறக்கும் நிறம் கோணத்தைப் பொறுத்தது. ஒளி வந்த திசைக்குக் கிட்டத்தட்ட அதே வழியில் திரும்பி வரும் வண்ணமே பளீரிடும். பார்ப்பவர் பக்கவாட்டில் நின்றால் அதே தொண்டை கரியாகத் தெரியும். பறவை தலையை ஒரு விரற்கடை திருப்பினாலே ஊதா நீலமாகும், நீலம் கறுப்பாகும்.

ஆகவே சூரியன் படமெடுப்பவரின் முதுகில் அடிக்க வேண்டும். அதுவும் தாழ்வாக இருந்து அடிக்க வேண்டும். பினாங்கில் இதற்கு ஓர் உள்ளூர்க் கணக்கு உண்டு. மலேசியக் கடிகாரம் 1982 முதல் உலக நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பினாங்கோ அந்த நேரத்துக்கு உரிய தீர்க்கரேகைக்கு வெகு மேற்கே இருக்கிறது. அதனால் சூரியன் எழுவது ஏழு மணிக்கு மேல். உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றேகால் மணியளவில். வெளிநாட்டு நூல்கள் சொல்லும் ‘காலை ஒன்பதுக்கு முன்’ என்ற விதியை இங்கே ஒரு மணி நேரம் தள்ளிப் படிக்க வேண்டும். எட்டு மணி முதல் பத்தரை வரை நல்ல வெளிச்சம். பூக்களில் தேன் ஊறியிருப்பதும் அப்போதே. பதினொன்றுக்கு மேல் ஒளி உச்சந்தலையில் விழுந்து தொண்டை நிழலில் ஒளிந்துவிடும்.

மாலையில் தண்ணீர்மலைக்கு மட்டும் ஒரு குறை. மேற்கே 833 மீட்டர் உயரத்துக்கு எழும் பினாங்குக் கொடிமலைத் தொடர் சூரியனை முன்னதாகவே மறைத்துவிடுகிறது. கடற்கரையோரம் குர்னி டிரைவில் ஆறரை மணிக்குப் பொன் வெயில் அடிக்கும்போது, அடிவாரக் கொல்லைகள் நிழலில் கிடக்கும். அந்த நிழல் ஒளி பெண் சிட்டுக்கு ஏற்றது: மஞ்சள் வெளுக்காது, இலையில் பளபளப்பு வராது. ஆணுக்கு அது உதவாது.

ஆண்டு முழுவதும் ஒரே தொட்டி ஒரே இடத்தில் இருந்தாலும் வெயில் ஒரே பக்கத்திலிருந்து வராது. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் எழும், ஜூனில் வடகிழக்கில். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 47 பாகை வித்தியாசம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். ஜனவரியில் நீலமாக மின்னிய தொண்டை ஜூலையில் கறுத்துப்போனால் தொட்டியைத்தான் நகர்த்த வேண்டும். கேமராவில் பழுது தேட வேண்டாம்.

கருவியும் அளவும்

400 மி.மீ. லென்ஸோடு முழுச்சட்டகக் கேமராவில் மூன்று மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் படத்தில் அடங்கும் அகலம் ஏறத்தாழ ஒரு சாண். 11 செ.மீ. சிட்டு அதில் பாதியை நிரப்பும். வெட்டாமலே பயன்படும் அளவு இது. சிறிய சென்சர் உள்ள கேமராவில் 300 மி.மீ. லென்ஸே இதற்குச் சமமான நெருக்கம் தரும். கடைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியது லென்ஸின் மிகக் குறைந்த குவியத் தொலைவு. பெரிய சூம் லென்ஸ்கள் சில இரண்டரை மீட்டருக்குள் குவியாது; சிறு முற்றத்தில் அது தொல்லை.

இத்தனை கிட்டத்தில் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. மேற்சொன்ன தொலைவில் எஃப்/5.6 துளையில் அது 2 செ.மீ.க்கும் குறைவு; எஃப்/8இல் ஏறத்தாழ இரண்டரை செ.மீ. கண்ணும் அலகு நுனியும் ஒருசேரத் தெளிவாக வேண்டுமானால் பறவை பக்கவாட்டில் திரும்பியிருக்கும் நொடியில் விசையை அழுத்த வேண்டும். நேர்முகமாகப் பார்க்கும்போது அலகு நுனி மங்கத்தான் செய்யும். அப்போது கண்ணை மட்டும் காப்பாற்றினால் போதும்.

உட்கார்ந்திருக்கும் சிட்டுக்கு 1/1000 நொடி போதுமானது. அது சும்மா இருப்பதுபோலத் தெரிந்தாலும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், ஆகவே அதற்குக் கீழே இறங்குவது வீண். பூவின் முன் மிதக்கும்போது 1/2500க்கு மேல் வேண்டும். சிறகு நுனி சற்றே கலங்கியிருப்பது தவறில்லை, அசைவு புரியும். காலை வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400 அல்லது 800இல் இந்த வேகம் கிடைக்கும். மரநிழலில் 3200 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். கேமராவில் ஓசையற்ற மின்னணு ஷட்டர் இருந்தால் சிறகடிக்கும் பறவைக்கு அதைப் பயன்படுத்துமுன் சோதிக்க வேண்டும். சென்சரைக் கீழ்நோக்கி வரிவரியாகப் படிக்கும் சாதாரணக் கேமராக்களில் சிறகு வளைந்து ஒடிந்ததுபோல் பதிவாகும்.

வெளிச்ச அளவை கேமராவின் தானியங்கிக்கு விட்டால் ஆண் சிட்டு ஏமாற்றும். இருண்ட இலைப் பின்னணியைப் பார்த்துக் கேமரா ஒளியைக் கூட்டும். வயிற்று மஞ்சள் வெளுத்துத் தட்டையாகிவிடும். அதே பறவை வானத்தின் முன் உட்கார்ந்தால் எதிர்மாறாகக் கறுத்துப்போகும். ஒளி மாறாத காலையில் கைமுறையில் ஒரே அமைப்பை வைத்து, மஞ்சளில் விவரம் தெரிகிறதா என்று முதல் படத்தில் பார்த்துவிட்டு, அப்படியே தொடர்வது சிறந்த வழி.

குவியத்தில் இன்னொரு சிக்கல்: மஞ்சள் தேன்சிட்டு ஆணின் கண் கறுப்பு, முகமும் கறுப்பு. கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி சில வேளை அதைக் காணாமல் நெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒற்றைப் புள்ளியை அலகின் அடியில் வைப்பது பாதுகாப்பானது. குச்சியில் முன்கூட்டியே குவித்து வைத்துக் காத்திருப்பதும் உதவும்.

ஃபிளாஷ் வேண்டுமானால் மிகக் குறைந்த ஆற்றலில், லென்ஸுக்கு மிக அருகில் வைக்க வேண்டும். லென்ஸ் அச்சிலிருந்து வரும் ஒளியில்தான் தொண்டை நீலம் விழிக்கும். கண்ணிலும் ஒரு சிறு ஒளிப்புள்ளி விழும். முழு ஆற்றலில் அடித்தால் பின்னணி இரவாகிவிடும். கூட்டில் குஞ்சு இருக்கும்போது ஃபிளாஷ் கூடாது.

கைப்பேசியிலும் முடியும். தொட்டிக்கு அரை மீட்டர் தொலைவில் சிறு முக்காலியில் நிறுத்தி, கம்பியில்லா விசையால் வீட்டுக்குள்ளிருந்து இயக்கினால், கொல்லைக்குப் பழகிய சிட்டு அதைப் பொருட்படுத்தாது.

பினாங்கின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வளர்வது சாதாரணம். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காக்கும் உலர்பெட்டி சிறந்தது. முடியாதவர் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம், நிறம் மாறியதும் சட்டியில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். உறையில் வைத்தபடியே அரை மணி நேரம் வெளியே விட்டபின் திறக்க வேண்டும்.

காத்திருக்கும் முறை

தேன்சிட்டு நாள்தோறும் ஒரே பாதையில் பூப்பூவாகச் சுற்றிவரும். கேமராவைத் தொடாமல் இரண்டு மூன்று காலை பார்த்தாலே எந்தப் பூவுக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரும்புகிறது என்பது பிடிபடும். வருமுன் ‘சிப் சிப்’ என்று கூர்மையாகக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டதும் கையை விசையில் வைத்தால் போதும். மறைவுக்குத் தனிக் கூடாரம் வேண்டாம். திரை விலக்கிய சன்னல், நிறுத்திய காரின் கண்ணாடி இறக்கிய பக்கம், இரண்டுமே நன்கு உதவும். சன்னல் கண்ணாடி வழியாக எடுக்கக்கூடாது. பட்டைக் கண்ணாடிச் சன்னலில் இரண்டு பட்டையைக் கழற்றினால் லென்ஸுக்கு வழி கிடைக்கும்.

காருக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆண் சிட்டு பக்கக் கண்ணாடியில் தன் உருவைக் கண்டு எதிரி என்று எண்ணிக் கொத்தும். வேடிக்கையாக இருந்தாலும் பறவை இதில் களைத்துப்போகும். ஒரு படம் எடுத்ததும் கண்ணாடியைத் துணியால் மூடிவிட வேண்டும்.

மிக அழகான காட்சி குளியல். தேன்சிட்டு தொட்டித் தண்ணீரில் இறங்குவது அரிது. ஈரமான அகன்ற இலைமேல் வயிறு உரசப் புரண்டு குளிக்கும். காலை ஒன்பது மணியளவில் வாழை அல்லது ஹெலிகோனியா இலைகளைத் தெளிப்பானால் நனைத்துவிட்டு, பக்கவாட்டில் நின்றால், இறகெல்லாம் சிலிர்த்து நீர்த்துளி தெறிக்கும் படம் கிடைக்கும். ஆணின் மார்போரத்தில் வழக்கமாக மறைந்திருக்கும் மஞ்சள் இறகுக் குஞ்சம் வெளிப்படும் தருணங்களில் இதுவும் ஒன்று. பெண்ணின் முன் ஆடும்போதும் அதை விரிக்கும்.

வெட்டிய பூவைக் குச்சியில் கட்டி, அதற்குள் ஊசியால் சர்க்கரை நீர் செலுத்திப் பறவையை வரவழைப்பவர்கள் உண்டு. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு ஆணைச் சண்டைக்கு இழுப்பவர்களும் உண்டு. இரண்டையும் தவிர்க்க வேண்டும். முதலாவது, சிட்டு ஒருபோதும் தொடாத பூவில் அதை உட்காரவைத்துப் பொய்யான இயற்கையைப் பதிவு செய்கிறது. இரண்டாவது, கூடு காக்கும் பறவையை அதன் வேலையிலிருந்து பிரிக்கிறது.

தைப்பூச நாட்களில் அடிவாரத்துத் தெருக்கள் தண்ணீர்ப் பந்தலும் உறுமி மேளமும் ஒலிபெருக்கியுமாக விடியவிடிய நிறைந்திருக்கும். சிட்டுகள் அப்போது உட்கொல்லைகளுக்கும் மலைப்பக்கத்துக்கும் நகர்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் கேமராவை உள்ளே வைத்துவிட்டுக் காவடி பார்க்கப் போவதே சரி.

கூடு தெரிந்தால்

மஞ்சள் தேன்சிட்டு மனிதர் நடமாடும் இடத்திலேயே கூடு கட்டும்: முற்றத்துத் தொங்குதொட்டி, துணிக்கொடியின் முனை, பழைய மின்கம்பி. நார், சருகு, சிலந்தி நூல் கொண்டு பெண் கட்டும் பை அது. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் சிறு கூரை, கீழே சருகு வால். முட்டை பெரும்பாலும் இரண்டு.

கூட்டைப் படமெடுக்கும் ஆசை எவருக்கும் எழும். மறைக்கும் இலையை ஒதுக்கவோ வெட்டவோ கூடாது. அந்த ஓர் இலைதான் நண்பகல் வெயிலிலிருந்து குஞ்சைக் காக்கிறது. அதுவே காகத்தின் கண்ணிலிருந்தும் ஓணானின் கண்ணிலிருந்தும் மறைக்கிறது. தாய்ப்பறவை உணவோடு வந்து, உள்ளே போகாமல் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து விடாமல் குரலெழுப்பினால் படமெடுப்பவர் மிகக் கிட்டே இருக்கிறார் என்று பொருள். உடனே விலக வேண்டும். கூடு உள்ள இடத்தை, குஞ்சுகள் பறந்து போகும்வரை, படத்தோடு யாருக்கும் அனுப்பாமல் இருப்பதும் அவசியம்.

திருத்தம்

திருத்தம் என்பது கோணத்தால் கிடைத்த நிறத்தைக் காப்பது. கிடைக்காத நிறத்தைப் பூசுவது வேறு தொழில்; இந்த நூலின் வேலை அல்ல.

ரா கோப்பாக எடுத்திருப்பது அவசியம். ஜேபெக்கில் மஞ்சளின் மெல்லிய சாயல்கள் கேமராவுக்குள்ளேயே நசுங்கிவிடும். லைட்ரூம் வாங்க விரும்பாதவருக்கு டார்க்டேபிள், ராதெரபி ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. கீழே சொல்வதெல்லாம் இவற்றிலும் செய்யலாம்.

முதல் வேலை கழிப்பது. கண் தெளிவாக இல்லாத படம், அலகு நுனி வெட்டுப்பட்ட படம், காம்பு முகத்தைக் குறுக்கே வெட்டும் படம், மூன்றையும் இரக்கமில்லாமல் நீக்க வேண்டும். தொடர்ச்சியாக எடுத்த இருபதில் தொண்டை பளீரிடும் கோணம் ஒன்றிலோ இரண்டிலோதான் இருக்கும். சிறுபடமாகப் பார்க்கும்போதே அது கண்ணில் படும்.

அடுத்தது வெள்ளைச் சமன். காலை வெயிலில் 5200 முதல் 5500 கெல்வின் பொருத்தமாக இருக்கும். மலைநிழலில் 6500க்கு மேல் ஏற்ற வேண்டும். இலைக்கூட்டத்துக்குள் எடுத்த படங்களில் பச்சை ஒளி பறவையின் வயிற்றில் ஏறியிருக்கும். மஞ்சள் எலுமிச்சைக் காயின் நிறம் காட்டினால் சாயலை மெஜந்தா பக்கம் சிறிது நகர்த்தலாம். அளவு தெரியப் பூங்காம்பையோ உலர்ந்த குச்சியையோ பார்ப்பது நல்லது. அவற்றின் சாம்பல் பழுப்பு இயல்பாகத் தெரிந்தால் பறவையும் இயல்பாக இருக்கும்.

மஞ்சள் வயிறு தனிக் கவனம் கேட்கும். ஒட்டுமொத்த ஒளி வரைபடம் (ஹிஸ்டோகிராம்) சரியாக இருப்பதாகக் காட்டும்போதே சிவப்புத் தடம் மட்டும் வலது விளிம்பில் முட்டி நிற்கும். அப்போது நெஞ்சின் இறகு வரிகள் மறைந்து மஞ்சள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். மூன்று தடங்களையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்து, மஞ்சள் நிறத்தின் ஒளிர்வை மட்டும் குறைத்தால் இறகுகள் திரும்பி வரும். செறிவைக் கூட்டினால் வந்ததும் போய்விடும்.

தொண்டைக்கு வேறு வழி. அங்கே நிறம் ஏற்கெனவே செறிவானது, குறைவது ஒளி. முகமூடியால் தொண்டையை மட்டும் தேர்ந்து நிழலைக் கொஞ்சம் உயர்த்தினால் நீலமும் ஊதாவும் தாமாக வெளிப்படும். உயர்த்தியும் கறுப்பாகவே இருந்தால் ஒளிக்கோணம் அமையவில்லை. அந்தப் படத்தை அதன் நிழலுருவுக்காக வைத்துக்கொள்ளலாம், நீலம் பூச வேண்டாம். இங்கே ஒரு பொறி உண்டு. இலை விளிம்பில் தெரியும் ஊதாக் கோட்டை நீக்கும் ‘டீஃப்ரின்ஜ்’ வசதி, லென்ஸின் குறை எது, சிட்டின் தொண்டை எது என்று பிரித்தறியாது. படம் முழுவதற்கும் அதைப் போட்டால் தொண்டையின் ஊதா சாம்பலாகிவிடும். இலை விளிம்புகளில் மட்டும் தூரிகையால் செய்ய வேண்டும்.

இரைச்சல் நீக்கம் கூர்மையாக்கலுக்கு முன்பு நடக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவால் இரைச்சல் நீக்கும் புதிய மென்பொருள்கள் ஐ.எஸ்.ஓ. 6400 படத்தையும் மீட்டுத் தருகின்றன. ஆனால் அளவு மிஞ்சினால் இறகு பிளாஸ்டிக் ஆகும். சில வேளை பறவைக்கு இல்லாத இறகு வரிகளையும் அவை வரைந்துவிடும். நூறு விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் கண்ணைச் சுற்றியுள்ள நுண்ணிறகுகளைப் பார்த்துக்கொண்டே அளவைக் குறைத்து வர வேண்டும். கூர்மையைப் பறவைக்கு மட்டும் கொடுத்து, பின்னணியை அப்படியே விட வேண்டும்.

வெட்டும்போது அலகு நோக்கும் பக்கத்தில் அதிக இடம் விடுவது வழக்கம். 24 மெகாபிக்சல் படத்தை அகலத்தில் பாதியாக வெட்டினாலும் 3000 பிக்சல் மிஞ்சும், 25 செ.மீ. அகலத்துக்கு அச்சிட அது போதும். பின்னணியில் வெள்ளையாய் மின்னும் இலைப் புள்ளிகளின் ஒளியைக் குறைத்தால் கண் பறவைமேல் நிற்கும். ஒரு துரும்பை அழிப்பதில் குற்றமில்லை. கிளையை நீக்குவது, பூவைச் சேர்ப்பது, வால் இறகை வரைந்து நீட்டுவது ஆகியவை அப்படியல்ல. செய்தால் படத்தின் கீழே குறிப்பிட வேண்டும். இயற்கைப் படப் போட்டிகளில் இவை பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை, நடுவர்கள் ரா கோப்பையே கேட்பதும் உண்டு.

இணையத்துக்கு அனுப்பும் படத்தை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், நீளப்பக்கம் 2048 பிக்சலாக ஏற்றுமதி செய்தால் பெரும்பாலான திரைகளில் ஒன்றுபோல் தெரியும். தொண்டையின் ஊதா அந்த நிறவெளியில் சற்று மங்கும். அச்சுக்குத் தனியாக அகன்ற நிறவெளிப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கோப்பின் பெயரில் நாள், நேரம், இனம், பூ நான்கையும் எழுதி வைத்தால், ஓராண்டில் எந்தப் பூ எந்த மாதம் எந்தச் சிட்டை வரவழைக்கிறது என்ற கணக்கு தானாகச் சேர்ந்துவிடும். அடுத்த தொட்டியை எங்கே வைப்பது, எதை நடுவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம். அதே விவரத்தோடு ஈபேர்டில் பதிவேற்றும் படங்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகத்தில் சேர்கின்றன. திருத்தம் குறைந்த படத்தையே அங்கே அனுப்ப வேண்டும்.